இதயக் கருவியோடு கூடலூர் வரை

வியாழக்கிழமை காலை 8.40. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையம்.

தேனிக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கீழே நின்றுகொண்டிருந்த என் மனைவி வசந்தா, "மாத்திரை டப்பா, ஆஸ்பத்திரி கார்டு, தண்ணி" என்று மூன்றையும் மறுபடி சொல்லி நினைவூட்டினாள். கும்பகோணத்திலிருந்து மதுரை வரை துணைக்கு வந்தவள், தன் தங்கை வீட்டிலேயே தங்கிவிடுவதாக ஏற்பாடு. இங்கிருந்து கம்பத்துக்கு அப்பால் இருக்கும் கூடலூர் வரை, ஏறத்தாழ நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர், நான் தனியாகப் போக வேண்டும்.

ஐம்பத்து நான்கு வயது ஆள் பகலில் பஸ் ஏறுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம் விற்கும் வேலையில் இருபத்தாறு வருடம் தஞ்சை மாவட்டத்துப் பஸ்களிலேயே கிடந்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. இதயம் பலவீனமாகி, அதன் துடிப்பு சில நேரம் தறிகெட்டு ஓடத் தொடங்கியதால், இடது தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதிலிருந்து ஒரு வயர் இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்குகிறது. பேஸ்மேக்கர் பலரும் கேள்விப்பட்டிருப்பது. மெதுவாகிப்போன இதயத்தை அது தட்டி எழுப்பும். என்னுடையது ஐ.சி.டி. இதயம் கண்மண் தெரியாமல் ஓடினால் அதை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவருவது இதன் வேலை. முதலில் சின்னச் சின்ன மின் தட்டல்களால் முயலும். முடியாவிட்டால் பலமாக ஒரு மின் அதிர்ச்சி.

எட்டு மாதத்துக்கு முன் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் எனக்கு மூன்று அதிர்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. மாடு நெஞ்சில் உதைத்தது போல இருந்தது. உயிர் பிழைத்தேன். ஆனால் அதன்பின் ஊர் எல்லையை நான் தனியாகத் தாண்டவில்லை. ஆர்டர்களைப் போனில் எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறேன் என்ற கணக்கு எந்நேரமும் மனதில் ஓடியது.

என்னைக் கூடலூருக்கு அழைத்தவர் ஈஸ்வரி. திராட்சைத் தோட்டக்காரர், நாற்பத்தொன்பது வயது. மதுரையில் கருவிகளைச் சோதிக்கும் நாளில் வரிசையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அறிமுகமானவர். அவருக்கும் இதே கருவிதான். என் பயத்தைப் போனில் கேட்டுவிட்டு, "நம்ம தோட்டத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்கண்ணே" என்றார். மூன்று முறை தட்டிக்கழித்தேன். நான்காவது முறை முடியவில்லை.

9.50. உசிலம்பட்டி. தேநீர் பதினைந்து ரூபாய்.

என் பக்கத்தில் ஆண்டிபட்டி நெசவாளர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பஸ் கணவாயில் ஏறும்போது என் கை தன்னால் இடது மார்புக்குப் போனது. அவர் பார்த்துவிட்டார்.

"நெஞ்சு வலிக்குதா சார்?"

"வலியில்லை. உள்ளே ஒரு மிஷின் இருக்கு."

அவர் முகத்தில் பயம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆர்வத்தோடு திரும்பி உட்கார்ந்தார். "பேட்டரியா, கரண்டா?"

"பேட்டரிதான். ஏழெட்டு வருசம் வரும்."

"மாத்தணும்னா?"

"தோலைக் கீறி பெட்டியை மட்டும் மாத்துவாங்க. வயர் நல்லா இருந்தா அப்படியே இருக்கும்."

"ஏயப்பா, தறி மோட்டாரு கூட நமக்கு ரெண்டு வருசம் ஓட மாட்டேங்குது" என்றார். ஆண்டிபட்டியில் இறங்கும்போது என் பையை மேல் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டு, "கையத் தூக்காதீக" என்று சொல்லிப் போனார்.

11.10. தேனி. எழுபத்தாறு கிலோமீட்டர் முடிந்தது. குமுளி பஸ்ஸில் மாறினேன். வீரபாண்டி தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்தது. வலப்பக்கம் கேரளத்து ஏலமலைகள், இடப்பக்கம் மேகமலை, நடுவில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலும் வாழையும் தென்னையும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரிப் பலகையைக் கண் தேடியது. கம்பம் தாண்டியதும் பந்தல் பந்தலாகத் திராட்சை. தமிழ்நாட்டு எல்லையில் கடைசி ஊர் என்பதால் கூடலூரில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடும் ஜீப்புகள்.

1.20. ஈஸ்வரியின் கணவர் தங்கவேல் வண்டியோடு காத்திருந்தார். அதிகம் பேசாதவர். "அவ ஓட்டிக்கிட்டிருந்த வண்டிதான். டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டாக" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார் ஈஸ்வரி. ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கல்தூண்கள் நட்டு, மேலே கம்பி பின்னிய பந்தல். குலைகள் தலைக்கு மேலே தொங்கின. பக்கத்துத் தோட்டக்காரர் காட்டுப்பன்றிக்காகச் சோலார் வேலி போட்டிருந்தார். அதிலிருந்து நான்கடி தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று ஓடியது.

"அந்தக் கோட்டைத் தாண்டி நான் போறதில்லண்ணே. கரண்டுக்கும் நம்ம மிஷினுக்கும் ஆகாதுல்ல. வேலைக்கு வர்ற புள்ளைகளும் என்னய அங்கன விடாதுக."

அப்போதுதான் கவனித்தேன். அவர் கத்திரியை வலக்கையில் பிடித்திருந்தார். பிடியில் ஏதோ இசைவில்லாமை இருந்தது. கேட்டேன்.

"நான் நொட்டாங்கைக்காரி. சின்ன வயசிலருந்து எல்லாம் இந்தக் கைதான்" என்று இடக்கையைக் காட்டினார். "பந்தல்ல நாளெல்லாம் கையத் தூக்கி வெட்டணும். இடப்பக்கம் பெட்டி வச்சா வயரு இழுபடுமே, வலப்பக்கம் வைங்கன்னு டாக்டர்ட்ட கேட்டேன். ஷாக்கு ஒழுங்காப் பாயணும்னா இடப்பக்கந்தான் நல்லதுன்னு படம் போட்டுச் சொன்னாக. சரி, பெட்டிய மாத்த முடியலன்னா கைய மாத்திக்கிருவோம்னு விட்டுட்டேன்."

"இந்தக் கை பழக எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஒரு அறுப்பு முழுசாப் போச்சு. குலையப் பூராம் கீழ போட்டேன். இவரு திட்டாத நாளில்ல."

தங்கவேல் தரையைப் பார்த்துச் சிரித்தார். கருவி வைத்ததும் நான் தோளை மடக்கினேன், அதிர்ச்சிகளுக்குப் பின் வாழ்க்கையையே மடக்கி வைத்துக்கொண்டேன். ஈஸ்வரியோ இரண்டு வருடத்துக்கு முன், நாற்பத்தேழு வயதில் ஒரு கைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றிரவு அவர் வீட்டு நார்க்கட்டிலில் எட்டு மாதத்தில் முதல் முறையாக நடுவில் விழிக்காமல் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை 7.00. அறுப்பு. ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். நான் நிரம்பிய பெட்டிகளுக்கு மேல் செய்தித்தாளைப் பரப்பும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஈஸ்வரி வெட்டிக்கொண்டே போனார். வழக்கத்தைவிட அதிகம் வியர்த்திருந்தது. இரண்டு முறை நின்று தூணில் சாய்ந்தார்.

எட்டே முக்கால் கடந்திருக்கும். "அண்ணே, கண்ணு இருட்டுது" என்றபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இருட்டு எனக்கும் பழக்கம். ஓடிப்போய் முதலில் கத்திரியை அவர் கையிலிருந்து வாங்கினேன். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தோள்களைப் பிடித்துக்கொண்டேன். தலை என் மேல் சாய்ந்தது. அடுத்த கணம் அவர் உடம்பு முழுவதும் ஒரு முறை தூக்கிப் போட்டது. "ஹக்" என்று ஒரு சத்தம். என் கையில் லேசாகச் சுரீரென்றது, அவ்வளவுதான்.

"ஆத்தா!" என்று ஒரு பெண் அலறினாள். தங்கவேல் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர், தொடப் பயந்து நின்றுவிட்டார்.

"தொடலாம், ஒண்ணும் ஆகாது. கையைப் பிடிங்க" என்றேன். மணி பார்த்தேன். 8.52.

எட்டு மாதமாக நான் அந்த அடியை உள்ளிருந்து மட்டுமே நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பது இதுவே முதல் முறை. வெளிறிப்போயிருந்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மூச்சு சீரானது. கண்ணைத் திறந்தார். போய்க்கொண்டிருந்த உயிரை அந்தச் சின்னப் பெட்டி பிடித்து இழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"போட்டுருச்சா?" என்றார்.

"போட்டுருச்சு."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

எங்களைப் பார்க்கும் மதுரை ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்த சிஸ்டர் நிதானமாகக் கேட்டார். இப்போது பேசுகிறாரா, மூச்சுத் திணறுகிறதா, நெஞ்சு வலியா, மறுபடி மயக்கமா. இல்லை என்றேன். அப்படியானால் படுக்க வைத்துவிட்டு, துணையோடு இன்றைக்கே காரில் அழைத்து வாருங்கள். வழியில் இன்னொரு அதிர்ச்சி வந்தாலோ மயங்கினாலோ மதுரைக்குக் காத்திராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். நேற்று நான் எண்ணிக்கொண்டே வந்த ஆஸ்பத்திரிகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கார் ஓட்டுநருக்குச் சொல்ல என்னால் முடிந்தது.

9.40. வாடகைக் கார். முன்னால் தங்கவேல், பின்னால் ஈஸ்வரியும் நானும். அறுப்பை வேலைக்கு வந்த பெண்களே முடித்து லாரியில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உத்தமபாளையம் தாண்டியதும் ஈஸ்வரி என் கையை இறுகப் பிடித்தார்.

"ஒங்களுக்குப் பயமே கிடையாதுன்னு நினைச்சேன்" என்றேன்.

"யாருண்ணே சொன்னா? தெனம் பயந்துக்கிட்டுத்தான் பந்தலுக்குள்ள போறேன். வெட்ட ஆரம்பிச்சா கொஞ்சம் மறந்துரும், அம்புட்டுத்தான்." சின்னமனூர் வந்ததும், "இப்ப ரொம்பப் பயமா இருக்கு. கைய விட்டுறாதீக" என்றார்.

விடவில்லை. தேனி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கி, உசிலம்பட்டி வரை விடவில்லை.

பகல் 12.45. மதுரை. ஈஸ்வரியின் தோளருகே சேலையின் மேல் வட்டமான ஒரு கைக்கருவியை வைத்ததும், உள்ளே இருந்த பெட்டி தான் பார்த்ததையெல்லாம் கணினித் திரையில் கோடுகளாகக் கொட்டியது. தொழில்நுட்பர் எங்களையும் பார்க்க விட்டார். அதில் பதிவான நேரம் 8.51. என் கைக்கடிகாரம் ஒரு நிமிடம் முன்னால் ஓடுகிறது. துடிப்பு நிமிடத்துக்கு இருநூற்று இருபது. கருவி முதலில் சின்னத் தட்டல்களால் இரண்டு முறை முயன்றிருக்கிறது. ஓட்டம் நிற்கவில்லை. தன்னை மின்னேற்றிக்கொண்டு, ஒரு முறை மறுபடி சரிபார்த்துவிட்டு, அதிர்ச்சியைச் செலுத்தியிருக்கிறது. முதல் தவறான துடிப்பிலிருந்து கடைசி வரை இருபத்தொரு வினாடி. அதற்கடுத்து மலைத்தொடர் போல ஏறியிறங்கிய கோடு சமமாகி, டக், டக் என்று நடக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தில் தங்கவேல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

காரணமும் தெரிந்தது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. உடம்பில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அறுப்பு நேரம் என்று யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் குரலை உயர்த்தாமல் திட்டினார். ஈஸ்வரி பள்ளிப் பிள்ளை போலத் தலையாட்டினார். ஒரு நாள் தங்க வைத்துச் சரிசெய்வதாக முடிவாயிற்று.

இதற்கிடையில் வசந்தாவுக்குப் போன் செய்து, "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். என் முட்டாள்தனம். இருபது நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கியவள், நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கில்ல வசந்தா. அவங்களுக்கு."

"அதை மொதல்ல சொல்ல மாட்டீங்களா?" என்று அழுதாள். அப்புறம் ஈஸ்வரியின் கட்டிலருகே போய் அவர் தலையைக் கோதிவிட்டாள்.

சிஸ்டர் என்னிடம், "வந்ததுதான் வந்தீங்க, உங்களோடதையும் பாத்துடலாமா?" என்று கேட்டார். வழக்கமாக நானாக வற்புறுத்திக் கேட்பது அது. "என்னோட தேதி அடுத்த மாசம்தானே, அப்ப வர்றேன்" என்றேன். கட்டிலிலிருந்து ஈஸ்வரி, "அது கெடக்கட்டும். மத்தியான மாத்திரையப் போட்டீகளா?" என்றார். மறந்தே போயிருந்தேன்.

சனிக்கிழமை பகல் 2.15. மறுபடி ஆரப்பாளையம். நானும் வசந்தாவும் அவர்களைக் குமுளிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஒரு வாரம் பந்தலுக்குப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "அஞ்சு நாள்னு பேசி முடிச்சிருக்கேன்" என்று சன்னலிலிருந்து சொன்னார் ஈஸ்வரி. "ஏழுதான்" என்றார் தங்கவேல். பஸ் நகர்ந்த பின்னும் அவர்கள் வாக்குவாதம் செய்வது தெரிந்தது.

எங்கள் ஊரில் மலை கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் போய்க்கொண்டே இருக்கும். அந்த வெட்டவெளியை நான் இரண்டு தெருவாகச் சுருக்கிக்கொண்டு வாழ்ந்திருந்தேன். இருபுறமும் மலை நெருக்கும் பள்ளத்தாக்கில் அந்தப் பெண் ஒன்றரை ஏக்கரைத் தன் புதிய கையால் ஆண்டுகொண்டிருக்கிறார். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். என் நெஞ்சுக்குள் இருப்பது என்ன செய்யும் என்பதை இப்போது பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை நோட்டுப் புத்தக மாதிரிகளைப் பையில் அடுக்கினேன். மன்னார்குடியில் நான்கு பள்ளிக்கூடம். வசந்தா பையின் ஜிப்பை மூடிக் கொடுத்தாள். வாசல் வரை வந்தாள். "இறங்கினதும் போன் பண்ணுங்க" என்றாள். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை.