இரண்டு பாதிப் பஞ்சுகள்

இன்று காலை மீன்தொட்டியின் வடிகட்டியைத் திறந்தேன். உள்ளிருந்த பஞ்சின் இரு பாதிகளும் கையோடு பிய்ந்து வந்தன. வழக்கமாக ஒன்று நைந்திருந்தால் மற்றது உறுதியாக இருக்கும். மனைவி மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் எவரும் மாற்றவில்லை. அவள் போன பிறகும் மாற்றவில்லை. மழை நனைத்த குளக்கரையின் வாடை எழுந்தது. அதன்பின் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மீன்தொட்டியையே சுற்றிச் சுற்றி நடக்கும் கிழவனைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்திருப்பேன்.

இதே வாடையோடு ஒருமுறை பஸ்ஸில் வந்திருக்கிறேன். மணமான புதிது, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. நான் வரலாற்று விரிவுரையாளன், அவள் விஞ்ஞான ஆசிரியை. முதல் சம்பளத்தில் அவள் ஒரு தொட்டியும் மீன்களும் வாங்கினாள். பொங்கலுக்கு முதல்நாள் வீடு கழுவக் கலகெதரையிலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார். பழைய அழுக்கு ஒரு துளியும் பொங்கலைக் காணக்கூடாது என்பது அவர் சட்டம். சன்னல், கதவு, அலுமாரியின் உச்சி எல்லாம் முடித்தவர், வடிகட்டிப் பஞ்சையும் சவர்க்காரம் போட்டுக் கசக்கி, வெள்ளைவெளேரென்று கொடியில் காயப்போட்டுவிட்டார்.

பாடசாலையால் வந்த மனைவி கொடியைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, அது அழுக்கில்ல. மீனோட உசுரே அதுலதான் இருக்கு."

"சேத்துல உசுரா? நீ படிச்சது போதும்டி. தம்பி, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க."

தம்பிக்கும் தெரியாது. மீன்கழிவின் நஞ்சை முறித்து நீரைக் காக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பழுப்பில்தான் குடியிருக்கின்றன என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பொங்கலன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்தன. மனைவி நீரில் பாதியை மாற்றிக்கொண்டே, "அக்குறணை மீன்கடையில பழைய பஞ்சு கேளுங்க. காயவிடாம கொண்டாங்க" என்றாள்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொங்கலுக்கு ஊரெல்லாம் அழுக்க வீசுது. நீங்க எங்கட அழுக்கத் தேடி வாறீங்களே, சேர்." சிரித்தபடியே ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியிலிருந்து பாதிப் பஞ்சை வெட்டி, தொட்டிநீரோடு பையில் கட்டித் தந்தார். பை ஒழுகியது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார். நெரிசலில் பஸ் நின்றபோதெல்லாம் இறங்கி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

மனைவி அதைக் குழாய்நீரில் காட்டவில்லை; அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுமாம். தொட்டிநீரிலேயே அலசி, அக்கா வெளுத்த பஞ்சின் பாதியோடு சேர்த்து வைத்தாள். அக்கா கதிரையைத் தொட்டியருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏதாச்சும் ஆச்சுன்னா என்னய ஏசாதடி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சில மீன்கள் போயின; மற்றவை பிழைத்தன.

அன்றுமுதல் அதுவே முறையாயிற்று. புதிய பாதியைப் பழையதோடு ஓடவிடுவாள். பழையதன் குடிகள் புதியதில் குடியேறியபின் பழையதை எடுப்பாள். மீன்கள் மாறின, தொட்டி மாறியது, வீடும் மாறியது. அந்த உயிர்த்தொடர் அறுந்ததில்லை.

கட்டுகஸ்தோட்டை வீட்டை இடித்துக் கடைத்தொகுதி கட்டிவிட்டார்கள். அக்குறணைக் கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அக்காவும் இல்லை. கொழும்பிலிருந்து மகள் பேசியபோது பஞ்சு பிய்ந்ததைச் சொன்னேன்: "அப்பா, இப்ப அந்த பக்டீரியாவ போத்தல்லயே விக்கிறாங்க. வாங்கி ஊத்திட்டு, பழசத் தூக்கிப் போடுங்க."

நல்ல யோசனைதான். ஆனாலும் தொட்டிநீரை வாளியில் எடுத்து, பிய்ந்தவற்றை அலசி, மெல்லிய துணியில் பொதிந்து, புதிய பஞ்சோடு உள்ளே வைத்தேன். பழையதை எப்போது எடுக்கலாம் என்று மனைவியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.