நாற்பதும் இடது

எதிலும் நான் பெயிலானதில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஆறாவதுக்கு ஆலங்காயம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே தெரியாத பையன்கள் முன்னால் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, வயிற்றுவலி என்று படுத்தேன். பிறகு போகவே இல்லை. பரீட்சையே எழுதாதவனை யார் பெயிலாக்க முடியும்?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். தோலில் குறை பார்ப்பதுதான் என் வேலை. ஜன்னலோரம் ஒரு மேசை. பதப்படுத்தி வந்த தோலை அதன்மேல் விரித்து, முள் கீறின கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் வெள்ளி நிறப் பேனாவால் வட்டமிட வேண்டும். கட்டிங் மெஷின்காரர் அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் துண்டு வெட்டுவார். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மெஷினுக்கு வருகிறாயா என்று இரண்டு முறை கேட்டார்கள். ஒரு முறை முதுகுவலி என்றேன். இன்னொரு முறை கண் தெரியவில்லை என்றேன். நாள் முழுக்கக் கண்ணால் வேலை செய்கிறவன் சொன்ன பொய் அது.

என் மேசை வேலை காண்ட்ராக்ட். மெஷின்காரர்கள் பர்மனென்ட். ஆர்டர் கம்மியானால் முதலில் எங்களைத்தான் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். போன வருஷம் ஒரு மாதம் அப்படி இருந்தேன். என் மனைவி அதே கம்பெனியில் தையல் பிரிவு. காலையில் அவள் மட்டும் கம்பெனி பஸ் ஏறிப் போவாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பேன். திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட வாரமே அவள் எனக்காக சூப்பர்வைசரிடம் போய்ப் பேசிவிட்டாள்.

"திங்கக்கெழம உன்ன மெஷின்ல நிக்கவெச்சுப் பாக்கப் போறாங்க. இந்த வாட்டி எங்க வலிக்குதுன்னு சொல்லப் போற?" என்றாள்.

திங்கட்கிழமை மெஷின் முன்னால் போய் நின்றேன்.

வேலை சொன்னால் சுலபம். டை என்கிற இரும்பு அச்சைத் தோல்மேல் வைத்து, மெஷினின் கையை அதன்மேல் இழுத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் ஒரு துண்டு விழும். அது இடது கால் ஷூவுக்கு. டையைத் திருப்பிப்போட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினால் வலது. நிறம் ஒத்துப்போக ஒரே இடத்திலிருந்து சோடியாக எடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது இருபது சோடி.

ஒரு துண்டில்கூடக் குறை இருக்கக்கூடாது என்று தோலையே பார்த்தேன். வட்டங்களை விட்டு விலகி விலகி வைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. நாற்பதும் சுத்தமாக விழுந்தன. சூப்பர்வைசர் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தார். சேரவில்லை. வேறு இரண்டை எடுத்தார். அதுவும் சேரவில்லை.

டையை நான் ஒரு முறைகூடத் திருப்பவே இல்லை. நாற்பதும் இடது.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "போப்பா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்கால பஸ்ஸுக்குள் எனக்கு முன்னாலேயே விஷயம் ஏறியிருந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு பெண் என் மனைவியிடம், "அக்கா, நாப்பது ஷூவும் எடது காலுக்கேவாமே? வலது கால்ல செருப்பு போட்டுக்கலாம் வுடு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. என் மனைவியும் கொஞ்சம் சிரித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. வாணியம்பாடி தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல நாள் என்னை 'லெஃப்ட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒன்று நடந்தது. நான் வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. வந்தபிறகும் காலையில் பசித்தது, பஸ் வந்தது, மேசைமேல் தோல் வந்தது. இதற்காகவா பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நினைத்தபோது ஆறுதலாக இல்லை. இன்னும் துக்கமாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து மறுபடி மெஷினுக்கு ஆள் எடுப்பதாகப் பேச்சு வந்தது. இந்தமுறை மனைவியிடம் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா, பேனா தீந்துபோச்சா?"

"இல்ல சார். இன்னொரு வாட்டி மெஷின்ல நிக்கிறேன்."

"மறுபடியும் நாப்பது எடதா?"

"இந்த வாட்டி வேற தப்பு பண்ணுவேன் சார்."

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, வாயில் வந்தது அதுதான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, சரி என்றார்.

சொன்னபடியே ஆனது. சோடி சோடியாகச் சரியாக வெட்டினேன். ஆனால் வட்டம் படாமல் இரண்டுக்கும் பக்கத்திலேயே இடம் தேடியதில், கொடுத்த தோல் இருபது சோடிக்குப் பத்தவில்லை. பதினாறாவது சோடியோடு தீர்ந்துபோனது. மிச்சம் கிடந்த வெட்டுக் கழிவைப் பார்த்து சூப்பர்வைசர் தலையை ஆட்டினார்.

பக்கத்து மெஷினில் நிற்கும் பாய் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அந்தக் கழிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார்.

"இன்னா தோஸ்த், உன் வட்டத்தப் பாத்து நீயே பயப்படுறியே. ஓரத்துல தழும்பு இருந்தா இருக்கட்டும். அது மடிச்சுத் தைக்கிற எடம், உள்ள போய்டும். நாங்க அதுமேலதான் வெப்போம்."

பதினெட்டு வருஷம் அந்த வட்டங்களைப் போட்டவன் நான். அவற்றின்மேலும் டை வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

அன்றும் அதே பஸ். மனைவி சாப்பாட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பின்னாலிருந்து அதே குரல் கேட்டது: "லெஃப்ட்டு அண்ணே, இன்னிக்கு இன்னா ஆச்சு?"

எப்போதும்போல வெளியே பார்க்கத்தான் கழுத்து திரும்பியது. பிறகு பின்னால் திரும்பினேன்.

"சோடி சரியா வந்துச்சு. தோலு ஜாஸ்தி போய்டுச்சு. மெஷினுக்கு எடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்க்காமல், "மறுபடி எப்ப வெக்கிறாங்களாம்?" என்றாள்.

"தெரியல. பேர் குடுத்துட்டு வந்தேன்."

இன்னும் காண்ட்ராக்ட்தான். ஆர்டர் குறையப்போவதாக மறுபடியும் பேசிக்கொள்கிறார்கள்.