முகத்தை மூடுவதற்கு முன்

போன வருடம் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்த என் தம்பி மௌத்தானான். அங்கேயே அடக்குவதாக முடிவானது. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. அவனோடு ஒரே அறையில் இருந்தவர், குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியதும் வீடியோவில் முகத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

அழைப்பு லாப்டொப்பில் வந்தது. சீனி வருத்தத்தில் உம்மாவுக்குக் கண் பாதி போய்விட்டது. குனிந்து பார்த்தார்.

“வெள்ளையா என்னவோ தெரியுது. புள்ளட முகம் எங்க?”

பெரிய டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் உம்மாவுக்கு ஆள் தெரியும். மையத்து வீடு என்பதால் டிவியைப் போர்வையால் மூடியிருந்தார்கள். நான் அதை இழுத்துப் போட்டேன். உம்மாவின் தங்கை, என் சாச்சி, பாய்ந்து வந்தார்.

“மையத்து ஊட்டுல டீவி போடப் போறியா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?”

“உம்மா முகம் பாக்கணும். தள்ளி நில்லுங்க” என்று கத்தினேன். சாவு வீட்டில் அப்படிக் கத்தக் கூடாதுதான். கத்தினேன்.

கிரிக்கெட் பார்க்க வாராவாரம் லாப்டொப்பை டிவியில் போடுகிறவன் நான். அன்று லாப்டொப் டிவியைத் தேடிக்கொண்டே நின்றது. டிவியை நிறுத்திப் போட்டேன். திரும்பவும் தேடியது. “மெச் பாக்கக்குள்ள மட்டும் ஒடன வருமே” என்றாள் மனைவி. அவளையும் ஏசினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் அறைக்காரர், அவனைப் போலவே என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுக் கதைத்தார். “காக்கா, சுணக்க ஏலாது. முகத்த மூடச் சொல்றாங்க.”

இன்னொரு தரம் டிவியை நிறுத்தப் போனேன். அப்போதுதான் சாச்சி மெதுவாகக் கேட்டார்.

“டீவிக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி மினுங்கிட்டிருந்திச்சு. அதும் டீவிதானே எண்டு கழட்டிட்டன். அதும் வேணுமா மகன்?”

வீட்டு வைஃபை பெட்டி. அது செத்துக் கிடக்க, லாப்டொப் தானாகவே என் போன் டேட்டாவில் ஏறியிருந்தது. டிவிக்கு ஒரு இணைப்பும் இல்லை. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் படம் போகும். ஏச வாயைத் திறந்தேன். அதற்குள் சாச்சி முழங்காலில் நின்று வயரைக் கொழுவிக்கொண்டிருந்தார்.

பெட்டியின் விளக்குகள் எரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். லாப்டொப்பை வைஃபைக்கு மாற்றியதும் அழைப்பு அறுந்தது. முடிந்தது என்றே நினைத்தேன். திரும்ப எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் எடுத்தார்.

“மூட விடல்ல காக்கா. துணியப் புடிச்சிட்டுத்தான் நிக்கன். உம்மாவப் பாக்கச் சொல்லுங்க.”

இந்த முறை லாப்டொப் டிவியைக் கண்டுபிடித்தது; தம்பியின் முகம் டிவி நிறைய வந்தது. சாச்சி தன் முக்காட்டு நுனியால் திரையின் தூசியைத் துடைத்துவிட்டு உம்மாவை முன்னால் இருத்தினார். உம்மா அவன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“தாடி வளத்திரிக்கான்” என்றார்.

அதற்குப் பிறகுதான் மூடினார்கள்.

துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை. இப்போதும் மெச் பார்க்கிறேன். லாப்டொப் டிவியைத் தேடிக்கொண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அன்று என் கத்தல் ஒரு மண்ணுக்கும் உதவவில்லை என்பது எனக்குத் தெரியும்.