இரண்டு தண்ணீர் பாட்டில்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் ‘குழு மேடம்’ என்று பெயர். சுற்றுப்புறச் சுகாதாரப் பிரச்சினைகளில் தலைமை ஏற்பது, சேர்ந்து வேலை செய்வது, இதுதான் அவர் நடத்தும் பாடம். “பிரச்சினைய முதல்ல பார்த்தவங்கதான் லீடர்” என்று வாய் ஓயாமல் சொல்வார். வாய்க்கு மட்டும் குறைவே இல்லை.

மொட்டை மாடிக் குடிநீர்த் தொட்டியின் மூடி உடைந்து, காக்கைகள் அதில் குளிக்க ஆரம்பித்தன. அதை முதலில் பார்த்தவரும் அவர்தான். பராமரிப்பு அலுவலகத்துக்கு யார் சொல்வது என்று எங்கள் துறைக்கும் மேல்தளத்துத் துறைக்கும் இழுபறி.

“அவங்க தலைக்கு மேலதானே தொட்டி இருக்கு? நாம ஏன் முந்திக்கணும்?” என்றார் மேடம்.

அதன்பின் ஆசிரியர் அறையில் என் மேசை உட்பட எல்லா மேசையிலும் வீட்டுத் தண்ணீர். மேடம் மட்டும் தினமும் இரண்டு பாட்டில் நிரப்பினார். ஒன்று, அவர் வகுப்பிலேயே படிக்கும் மகளுக்கு.

பருவ இறுதியில் மாணவர் குழுக்களை மதிப்பிட என்னையும் கூப்பிட்டிருந்தார். மகளின் குழுவில் ஒரு பெண் வரவில்லை. மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனாலேயே மற்றவர்கள் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றி, அந்தத் தொட்டியை எடுத்திருந்தார்கள்.

மகள்தான் பேசினாள். “எல்லார்கிட்டயும் கேட்டோம். டீச்சர்ஸ் யாரும் இந்தக் குழாய்த் தண்ணி குடிக்கிறதில்ல. ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் குடிக்கிறாங்க, ஒருத்தியத் தவிர.” சற்று நிறுத்தினாள். “அது நான்தான். குடிக்காதேன்னு அம்மா சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல.”

மேடம் மேசைமேல் இருந்த தன் பாட்டிலை மெதுவாக மடிக்கு இறக்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் தலை நிமிரவில்லை.

வகுப்பு முடிந்ததும் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தார். “மூடிதானே மேடம்? மத்தியானமே தொட்டியக் கழுவி, புதுசு மாட்டிடறோம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்கள். போனை வைத்த பிறகும் நாற்காலியை விட்டு எழ அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். பழக்கதோஷத்தில் இரண்டு பாட்டிலையும் நிரப்பி வைத்தாராம். இரண்டையும் மகள் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வர்றியாம்மா?”

“அங்க அவ அம்மா இருப்பாங்களேடி.”

“இருப்பாங்க. அதான் கூப்பிடறேன்.”

செருப்பு மாட்ட அன்றைக்குப் போல் என்றைக்குமே நேரம் பிடித்ததில்லையாம்.