விடியுமுன் ஜீப் ஸ்டாண்டில் நின்ற எங்கள் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது, “அழுது வடியாம எழுது. அவளுக்கு அது பிடிக்காது” என்றார் அம்மா. அக்கா சொன்னதையே ஒழுங்காகக் கேட்காத தங்கை நான். அம்மா சொன்னதைக் கேட்பேனா என்று தெரியவில்லை.

அக்கா ராயப்பன்பட்டியில், திராட்சைத் தோட்டமே கதியென்று கிடந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். கொடியில் நோய் விழுந்து பந்தலோடு பட்டுப்போன வருடங்களில்கூட அப்பா அவருடைய படிப்பை நிறுத்தவில்லை. எங்கள் சொந்தத்தில் முதல் டாக்டர் அக்காதான். மதுரையில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ அரசு வேலையில் சேர்ந்து, கம்பம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்தார். “இதுக்கா இம்புட்டுப் படிச்ச?” என்று கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் பிறகு நேரங்காலம் பார்க்காமல் அவருக்குத்தான் போன் போட்டார்கள். பெயர் சொல்லவில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்புகள் பெண்களை அள்ளிக்கொண்டு மலையேறுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை முடித்து அவர்கள் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் இங்கே இல்லை. ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருப்பது அவர்களுக்கு மயங்கி விழுந்த பிறகுதான் தெரியவரும்.

அந்த ஜீப்புகளில் இருமல் அதிகம் என்று கேள்விப்பட்ட அக்கா, காசநோய்ப் பரிசோதனைக்காக ஒரு ஜீப்புக்குச் சளி டப்பாக்களைக் கொடுத்தனுப்பினார். எல்லா டப்பாக்களும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஒன்றில்கூட நோய் இல்லை. ஆனால் அந்த ஜீப்பில் ஒரு பெண் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து இருமுவதை அக்கா தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். விடாமல் விசாரித்ததில், அதே ஜீப்பில் போகும் பேச்சியம்மாள் ஒப்புக்கொண்டார்.

“எல்லா டப்பாவுலயும் நாந்தேன் துப்புனேன் டாக்டரம்மா. எனக்குத்தேன் ஒரு கொறையும் இல்லையே. அவளுக்கு நோவுன்னு தெரிஞ்சா கங்காணி ஜீப்புல ஏத்த மாட்டாக. அவ பிள்ளைக என்னத்தத் திங்கும்?”

“அடிப் பாவிகளா” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்ததாக அக்கா எங்களிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இருமிய பெண்ணுக்கு மருந்து தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. அவரை அடக்கம் செய்த மறுநாள், விடியுமுன், அக்கா ஒரு மடக்கு மேசையோடு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார்.

முதல் வேலையாக, ஆள் சேர்த்து அனுப்பும் கங்காணிகளிடம் சண்டை. “எவளுக்கு நோவு வந்தாலும், மருந்து சாப்பிட்டு, நான் சரின்னு சொன்ன பெறகு அவளை ஏத்திக்கிறணும். அவ எடத்துல வேற ஆளப் போட்டீக, ஜீப்புக்கு முன்னால படுத்துருவேன்” என்றாராம். படுத்துவிடக்கூடிய ஆள்தான் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு ஜீப்பில் இடம் போய்விடுமென்று யாரும் இருமலை மறைக்கவில்லை. ஏறுவதற்கு முன் வரிசையில் நின்று பிரஷர் பார்த்துக்கொண்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். இதற்கு எந்த அரசாணையும் இல்லை. அக்கா நின்றார், அதனால் நடந்தது. மழைக்காலத்தில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அத்தானும் நின்றார்.

மருத்துவ வசதி எட்டாத மக்களுக்காக உழைக்கும் பொது சுகாதார அலுவலர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறார்கள். மறைந்தவர் விருதுக்கு ஆசைப்பட்டதே இல்லை என்று நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். எங்கள் அக்கா ஆசைப்பட்டார். கிடைக்காத வருடங்களில், அறிவிப்பு வந்த நாள் முழுவதும் வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க முடியாது. ஒருமுறை நான் கேலி செய்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

“பெருமையும் வேணுந்தேன், இல்லைங்கல. ஆனா நான் போயிட்டா அங்கன எவ வந்து நிப்பா? விருது வாங்குன வேலைன்னா அதை ஆர்டராப் போட்டுருவாகள்ல?”

விருது வந்தது. அதே மாதம்தான் கணையத்தில் புற்றுநோய் என்றும் தெரிந்தது. சேலை உடம்பில் நிற்கவில்லை. ஊக்குக்கு மேல் ஊக்கு குத்தி, சென்னையில் அவரை மேடைக்கு அனுப்பிவைத்தேன். கேடயத்தை வாங்கிய கையோடு, அருகில் நின்ற ஓர் அதிகாரியிடம் ஜீப் ஸ்டாண்டைப் பற்றிப் பேசினார். “நல்ல யோசனை, பார்க்கலாம்” என்றார் அவர். ரயிலில் திரும்பி வரும்போது அக்கா என்னிடம், “பாக்கலாம்னா என்னடி அர்த்தம்?” என்று கேட்டார். செய்வார்கள் என்றுதான் அர்த்தம் என்றேன். நம்பியவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளே கேடயத்தை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். அது கைமாறிக் கைமாறி ஜீப் ஜீப்பாகச் சுற்றி வந்தது. “தங்கமா டாக்டரம்மா?” என்று ஒருத்தி கேட்க, “பித்தளைகூட இல்ல. கீழ போட்றாதீக” என்றார். அதன் பிறகு அவரால் அதிக நாள் அங்கே போக முடியவில்லை. படுக்கையிலிருந்தபடி அத்தானிடம், “ஆர்டர் வந்துச்சா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வலிக்கிறது என்று சொன்னதைவிட அதைத்தான் அதிகம் கேட்டார்.

ஜீப்புகள் மலையேறிப் போன பிறகு, ஒரு காலைப் பொழுதில் அக்காவின் உயிர் பிரிந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் செய்தி போய்ச் சேர்ந்தது. நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. “வெளிச்சத்தோட முடிச்சிருவோம் மதினி. வெளியூர்க்காரக திரும்பணும்ல” என்றார் சித்தப்பா. அம்மா நிமிர்ந்தார்.

“ஜீப்பு எறங்கட்டும். அதுக பாக்காம எம் பிள்ளைய எடுக்க விட மாட்டேன்.”

பங்குச் சாமியாரும் காத்திருந்தார். பொழுது இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்கு விளக்கு ஏற்பாடு செய்யும் நேரத்தில் ஜீப்புகள் நேராக எங்கள் தெருவுக்கு வந்தன. ஏலக்காய்க் கறை படிந்த கைகளோடு இறங்கிய பெண்கள், குளிக்காமல் உள்ளே வரலாமா என்று வாசலில் தயங்கினார்கள். “வாங்கத்தா” என்று அம்மாவே எழுந்துபோய் அழைத்து வந்தார். ஒவ்வொருவராக அக்காவின் கையைத் தொட்டார்கள். பேச்சியம்மாள் மட்டும் நகரவில்லை. குனிந்து, உயிரோடு இருப்பவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“டாக்டரம்மா, நாளைக்குக் காலையில நாங்க எங்கன வந்து நிக்கட்டும்?”

 

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், கோபத்தை விழுங்கிக்கொண்டு காத்திருந்த சித்தப்பாவுக்கும், அன்று கூலி போனாலும் பரவாயில்லை என்று பாதி வேலையில் ஜீப்பை எடுக்கச் சொன்ன கங்காணிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவோடு கண் விழித்து, கண் விழித்தே அவரை வழியனுப்பிய அத்தானுக்கு நன்றி என்ற சொல் போதாது.

அரசாணை இதுவரை வரவில்லை. மடக்கு மேசை எங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த மலரைப் படிப்பவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், அதிகாரிகள் இருக்கிறீர்கள், மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். பேச்சியம்மாள் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டாம். ஒருநாள் விடியுமுன் கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் அவரிடமே சொல்லுங்கள்.