விரத நாளில் ஒரு ட்ரௌட்

ஆற்றின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமை மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிற நம் தமிழ்ச் சனத்தில் பாதி அங்கே வந்து நின்று, கரையில் அடுப்பை மூட்டிக் கொத்துரொட்டி போடத் தொடங்கிவிடும். ஒக்லாந்திலிருந்து தெற்கே இறங்கி, பால்மாடுகள் மேயும் பச்சை மேடுகளைத் தாண்டி, பைன் காட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீன்பிடிக்கிற ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் தங்கள் ஆற்றை ஒளித்துவைப்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரு சின்ன வித்தியாசம், அவர்கள் மீன் பிடித்தவர்கள்.

நான் அதுவரை பிடித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வளவில் வீசிப் பழகும்போது எங்கள் எலுமிச்சை மரம். பக்கத்து வீட்டுச் சமோவா அம்மா கொடியில் காயப்போட்டிருந்த மேசைவிரிப்பு. என்னுடைய இடது காது. காதைப் பிடித்த அன்று இழுவை நன்றாகவே இருந்தது.

ஃபிளை ஃபிஷிங் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்கு விளக்குவது கஷ்டம். புழு இல்லை, இறால் இல்லை. சின்னத் தூண்டில் முள் ஒன்றில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரிச் செய்து, தடித்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசி, அந்தப் பொய் ஈ தானாக வந்து தண்ணீரில் உட்கார்ந்ததுபோல இறக்க வேண்டும். ஆற்று மீனான ட்ரௌட் அதை நம்ப வேண்டும். நான் வங்கிக்காரனை நம்பவைத்து மோர்ட்கேஜ் வாங்கியவன். மாமனாரை நம்பவைத்துப் பெண் எடுத்தவன். ட்ரௌட் இவர்களைவிட விவரமானது.

குறுக்குவழியும் கிடையாது. இந்த நாட்டில் ட்ரௌட்டை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. லைசென்ஸ் எடுத்து நாமே பிடித்தால்தான் உண்டு. வரும் வழியில் மீன்கடையில் ஒன்றை வாங்கித் தூண்டிலில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு வருவதற்கும் சட்டம் இடம் தரவில்லை.

என் மனைவி மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. பகல் வேலையும் இரவு வேலையும் மாறி மாறி வந்ததில் அவளுடைய நித்திரை எங்கேயோ தொலைந்துவிட்டது. குளிசை, சூடான பால், உள்ளங்காலில் எண்ணெய், எல்லாம் பார்த்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் படுத்து ஏதாவது கதை விட்டால் மூடிய கண்ணோடே பதில் வரும். நித்திரை தொலைந்ததற்கு என் வாயும் ஒரு காரணம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் அதை மறுத்து நெடுநேரம் கதைத்திருக்கிறேன்.

ஒருநாள் அவள் தீர்ப்பைச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு லீவு கிடைக்கிற சனிக்கிழமையெல்லாம் நீங்கள் ஆத்தில நிக்கிறியள். ஒரு மீனை என்ர கண்ணால காணவேணும். காணாட்டி உந்தத் தூண்டில் தடியளை வித்துப்போட்டு வீட்டில நில்லுங்கோ."

"கண்டால்?"

"கண்டால் நான் அதுக்குப் பிறகு வாயே திறக்கமாட்டன்."

நான் உடனே ஒரு படகை புக் பண்ணினேன். கரையில் நின்று பிடிக்க முடியாதவன் படகில் போனால் பிடிப்பான் என்பது என் நம்பிக்கை. ஆற்றோடு மிதந்துபோகும் படகு. நடுவில் ஒரு வழிகாட்டி இருந்து துடுப்புப் போடுவார், முன்னால் ஒருவர் நின்று வீசலாம், பின்னால் ஒருவர் இருக்கலாம். மனைவியின் லீவைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன். பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் புக் பண்ணிய நாள் கந்தசஷ்டி விரதத்தின் நட்டநடுவில் போய் விழுந்திருந்தது.

"உங்களுக்கு மூளை இருக்கோ? சஷ்டிக்க மீன் பிடிக்கப் போறதோ?"

"சாப்பிடுறேல்லைத்தானே. பிடிச்சிட்டுத் திரும்ப விடுறது."

"முருகனிட்டப் போய் உந்தக் கதையைச் சொல்லுங்கோ."

ஒரு நாள் முழுக்க யோசித்தாள். நான் வாசலில் நிற்கும் விசாக் கேஸ் மாதிரிக் காத்திருந்தேன். கடைசியில், "நான் வாறன். ஆனா ஒண்டையும் தொடமாட்டன். பார்க்கிறதுக்கு விரதமில்லை" என்றாள்.

விரதத்தில் அவளுக்குப் பாலும் பழமும்தான். ஆகவே அதிகாலையில் காரில் ஏறும்போது ஒரு ஃபிளாஸ்க் பாலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் அவள் மடியில் இருந்தன.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் இரண்டும் கதவு மாதிரி அகன்றிருந்தன. கை குலுக்கினாள், சிரித்தாள், மனைவியின் கையிலிருந்த பழச் சீப்பைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. படகில் வாழைப்பழம் ஏறாது என்றாள்.

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாழைப்பழம் ஏறிய படகில் மீன் ஏறாது, இது அவளுடைய அப்பா காலத்திலிருந்து உள்ள விஷயம், ஒருமுறை ஒரு ஆள் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அன்று முழு நாளும் பாழாய்ப் போனது என்று விளக்கினாள். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்து, பன்றியிறைச்சி வைத்த ஹாம் சான்ட்விச் இருக்கிறது, வேண்டிய அளவு எடுத்துக்கொள் என்று அன்பாகச் சொன்னாள்.

மீன்பிடிக்கிற ஒரு படகில், பால் தவிர விரதகாரி சாப்பிடக்கூடிய ஒரேயொரு பொருளுக்கு மட்டும் தடை. இப்படி ஒரு சந்தியில் மனைவியைக் கொண்டுபோய் நிறுத்த வேறு எந்தப் புருசனாலும் முடியாது. நான் வாயைத் திறந்து வாதாடப் போனேன். மனைவி கையைக் காட்டி அடக்கினாள்.

"விடுங்கோ. அவவுக்கும் ஒரு ஆசாரம் இருக்குத்தானே."

கரையில் நின்றபடியே இரண்டு பழத்தை உரித்துச் சாப்பிட்டாள். மிச்சம் காருக்குள் போனது. வழிகாட்டி அவளை ஆற்றில் கை கழுவச் சொன்னாள். கோயில் கேணியில் கழுவுகிற மாதிரி முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு ஏறினாள். அந்த இரண்டு பெண்களும் அதோடு ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். நான் எதிர்க்கட்சி.

படகு கரையை விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுதினால் பொய். கண்ணாடியில் நம் மூஞ்சி தெரியும், அந்தத் தண்ணீரில் அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. நாங்கள் அசையாமல் இருப்பதுபோலவும் கற்கள்தான் எங்களுக்குக் கீழே மெல்ல மெல்ல நடந்துபோவதுபோலவும் இருந்தது. வழிகாட்டி முன்னால் போவதற்குத் துடுப்புப் போடவில்லை; ஆறு கொண்டுபோகிற வேகத்தைக் குறைப்பதற்காகப் பின்பக்கமாக வலித்துக்கொண்டிருந்தாள். போகிற போக்கைக் கொஞ்சம் பிந்தப்பண்ணுவதற்கு ஒரு ஆள், அதற்கொரு தொழில். கரையில் வில்லோ மரங்கள் புதுத் தளிரோடு குனிந்து நின்றன. பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று காற்றில் மிதந்து வந்து என் சட்டையில் ஒட்டியது, ஊதினேன், திரும்ப வந்து ஒட்டியது.

நான் முன்னால் நின்று வீசினேன். ஈ விழுந்தது, மிதந்தது. எடுத்து வீசினேன், விழுந்தது, மிதந்தது. வழக்கமாக இந்த வேலையைச் செய்யும்போது என் வாயும் கூடவே ஓடும். அன்றும் ஓடியது. இந்த மரத்தடியில்தான் பெரியது நிற்கும் பாரும், இந்தச் சுழியைப் பாரும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிரும் என்று பின்னால் திரும்பாமலே சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் "ம்" வந்தது. பிறகு "ம்" நீண்டது. பிறகு வரவில்லை.

வழிகாட்டி துடுப்பை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தாள்.

திரும்பிப் பார்த்தேன். மனைவி பின்னால் பலகையில் சரிந்து, எங்கள் மூன்று பேருடைய போன்களும் இருந்த தண்ணீர் புகாத பையைத் தலைக்கு வைத்து, வாய் சற்றே திறந்தபடி நித்திரையாகிக் கிடந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது வேறு, இது வேறு. கை விரல்கள் விரிந்துவிட்டன. நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்த ஒரு சுருக்கம் இல்லை. இலை நிழல்கள் முகத்தில் ஏறி, கன்னத்தால் வழிந்து, இறங்கிப் போயின. மெல்லிய ஒரு குறட்டைகூட வந்தது. பல மாதமாக நான் கேட்காத குறட்டை. கலியாணமான புதிதில் அதைப் பற்றிப் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது ரேடியோவில் பிடித்த பாட்டுப் போகிறபோது சத்தத்தைக் கூட்டுகிறவன் மாதிரிக் காதைக் கொடுத்தேன்.

நான் கதையை நிறுத்தினேன். நிறுத்தியபோதுதான் ஆற்றுக்கு எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரிந்தது. படகின் அடியில் தண்ணீர் குசுகுசுத்தது. எங்கேயோ ஒரு டூயி பறவை, தொண்டையில் மணி கட்டினதுபோல ஒரு தரமும் கதவு கிரீச்சிட்டதுபோல மறு தரமும் கூவியது. நானும் பாதி நித்திரைக்குள் போய்விட்டேன் என்றே நினைக்கிறேன். கை தன்பாட்டில் வீசியது. ஈ எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

அப்போது தண்ணீரிலிருந்து ஒரு மூக்கு வந்தது.

அவசரமில்லாத மூக்கு. பேப்பர் எடுக்க வாசலுக்கு வருகிற ஆளைப்போல மேலே வந்து, என் பொய் ஈயை வாய்க்குள் எடுத்துக்கொண்டு உள்ளே போனது. நான் தடியைத் தூக்கினேன். தடி வளைந்தது. எலுமிச்சை மரம் இப்படி ஓடியதில்லை.

என் தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. வந்து அங்கேயே நின்றது. பின்னால் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கூப்பாடு போட்டால் போதும். எழும்பிப் பார்ப்பாள், கண்ணால காண்பாள், என் சனிக்கிழமைகள் எனக்கு. கூப்பிடாவிட்டால் சாட்சி இல்லை. படம் எடுக்கலாம் என்றால் போன்கள் அவள் தலைக்குக் கீழே. வழிகாட்டி என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முடியாது என்று தலையை ஆட்டினாள். மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே பாய்ந்து வெள்ளியும் இளஞ்சிவப்புமாக ஒரு புரள் புரண்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மனைவி எழும்பியிருந்தால் அது முருகன் செயல் என்று விட்டிருப்பேன். அவள் ஒரு கையை எடுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு மீனோடு மல்லுக்கட்டினேன். கதைக்காமல் ஒரு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வழிகாட்டி வலையை ஒரு துளி சத்தமுமில்லாமல் இறக்கினாள். கையை நனைத்துக்கொண்டு அதைத் தூக்கினேன். வழுவழுவென்று, குளிர்ந்து, பாரமாக, முதுகெல்லாம் மிளகு தூவினதுபோலப் புள்ளியோடு. அது என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை என்று ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். செவுள் திறந்து மூடியது. பிறகு கைக்குள் இருந்த பாரம் இல்லை, ஆறு மட்டும் இருந்தது.

வழிகாட்டி சத்தமில்லாமல் என் முதுகில் ஒரு அறை அறைந்தாள். நானும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் மாதிரிக் குலுங்கினோம்.

அதன் பிறகு நெடுநேரம் நான் வீசவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு தெரிந்தது. இனிக் குலுக்கும், அவளை எழுப்பு, பிடித்துக்கொள்ளச் சொல் என்றாள் வழிகாட்டி. தவழ்ந்துபோய்த் தோளை மெதுவாகத் தொட்டேன்.

கண்ணைத் திறக்க முன்னமே மூக்குச் சுருங்கியது.

"சீ! மீன் மணக்குது! விரதத்தில என்னத்தையப்பா தொட்டுட்டு வந்து என்னில பூசுறியள்?"

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே விளங்கியது. எழும்பி உட்கார்ந்தாள். நுரை வந்து, படகு ஏறி விழுந்து, எங்கள் மூன்று பேரையும் நனைத்துவிட்டு அமைதியானது. அவள் ஆற்றுத் தண்ணீரை அள்ளித் தோளைக் கழுவியபடி என்னையே பார்த்தாள்.

"எவ்வளவு பெரிசு?"

கையை விரித்துக் காட்டினேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அகட்டிவிட்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுறியளோ? நான் கண்ணால காணேல்லை."

"ஓம், காணேல்லை."

"ஏன் எழுப்பேல்லை?"

"நீர் நித்திரையில கிடந்தீர்."

மனைவி ஈரமான தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கண்ணில் நித்திரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது; முகம் வீங்கி, பத்து வயது குறைந்து இருந்தது.

"மீன் பிடிச்சதை நம்புறன்" என்றாள். "மணக்குதுதானே. நீங்கள் மீனையும் வைச்சுக்கொண்டு வாயைத் திறக்காமல் நிண்டதைத்தான் என்னால நம்பேலாமக் கிடக்கு."

வழிகாட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற வாத்துகள் எழும்பிப் பறந்தன.

"இன்னும் எவ்வளவு தூரம் கிடக்காம்?"

"ஒரு மணித்தியாலம் வரும்."

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் படுக்கப் போறன்." பையைத் தட்டிச் சரிசெய்து தலையை வைத்தாள். கண் மூடியது. "நீங்கள் போய்ப் பிடியுங்கோ. வாற சனிக்கிழமையும் நான் வாறன். படுக்கத்தான்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வழிகாட்டி துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். மூடிக்கொண்டு முன்னால் போனேன்.