ஒரே பைக்கில் வந்த சம்பந்திகள்

எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அப்போது நெல் மூட்டை ஏற்ற இரண்டு வண்டிகள்தான் இருந்தன. ஒன்று லாரிக்காரருடைய சின்ன லாரி, மற்றது டிராக்டர்காரருடைய டிராக்டர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் டீக்கடைக்குள் நுழைந்தால் மற்றவர் பாதி டீயோடு எழுந்து போய்விடுவார். ஊரே இதைப் பற்றி வருத்தமாகப் பேசும்; ஆனால் சமாதானம் செய்துவைக்க ஒருவரும் போனதில்லை. காரணம் இருந்தது. லாரிக்காரர் வாடகை ஜாஸ்தி கேட்டால், அப்பா டிராக்டர்காரர் வீட்டுப் பக்கம் சும்மா ஒரு நடை போய்வருவார். மறுநாள் காலையில் லாரி எங்கள் களத்தில் வந்து நிற்கும். நெல் நேராகத் திருவண்ணாமலை டவுனில் இருக்கும் கமிட்டிக்குப் போகும். அரசாங்க விற்பனைக்கூடத்தைத்தான் கமிட்டி என்போம். அங்கே பல வியாபாரிகள் குவியலைப் பார்த்து விலை எழுதிப் போடுவார்கள். அதிகம் எழுதியவர் எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட இருவரும் ஒருநாள் ஒரே பைக்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். டிராக்டர்காரர் ஓட்ட, லாரிக்காரர் பின்னால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரரின் ஒரே பெண்ணை டிராக்டர்காரரின் மகனுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அப்பா பத்திரிகையை வாங்கிக்கொண்டு சிரித்தார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“கல்யாணம் பொண்ணுக்கும் பையனுக்குமா, இல்ல லாரிக்கும் டிராக்டருக்குமா?” என்றார்.

“நல்ல காரியத்துல இன்னா பேச்சு இது? போயி மொய் எழுதிட்டு வாங்க, போதும்” என்றாள் அம்மா.

எனக்கும் அந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. பள்ளிக்கூடம் போகும் ஷேர் ஆட்டோவில் என்னை மடியில் உட்காரவைத்துக்கொள்வது அந்த லாரிக்காரர் வீட்டு அக்காதான். மாப்பிள்ளை வேங்கிக்காலில் செல்போன் கடை வைத்து அங்கேயே வீடும் பார்த்திருந்தார். அக்கா போய்விட்டால் நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான்.

கல்யாணத்தன்று அப்பா பந்தியில் வடையைக்கூட இரண்டாகப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். முன்வரிசையில் டவுனில் நெல் வாங்கும் மண்டிக்காரர் ஒருவர் சந்தனமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். அப்பா அட்சதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மண்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுப்பு வந்தது. அப்பா லாரிக்காரரிடம் போனார். சம்பந்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். டிராக்டர்காரரிடம் போனால் அவரும் சம்பந்தியைக் கேட்க வேண்டுமாம். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்: கமிட்டிக்கு வண்டி போகாது, வேண்டுமானால் அந்த மண்டிக்கு ஏற்றலாம். மண்டியில் விலை சொல்கிறவர் ஒரே ஆள். மூட்டைக்கு இவ்வளவு என்று மண்டிக்காரரிடமிருந்து சம்பந்திகளுக்கு ஏதோ போகிறது என்பது அப்பாவின் கணிப்பு. டவுன் வண்டியைக் கூப்பிட்டால் காலியாக வருவதற்கும் சேர்த்து வாடகை கேட்டார்கள். பௌர்ணமி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் எங்கள் ரோட்டில் வண்டியே விடமாட்டார்கள். வானமும் மூட்டம் போட்டிருந்தது. நனைந்த நெல்லைக் கமிட்டியில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த நெல்லை நம்பித்தான் வருஷம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம் எனக்கு பன் வாங்கித் தருவதாக டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே லாரிக்காரர் இருந்தார். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், உரத்தைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போதுதான் அதைச் சொன்னார்.

“ஏண்ணே, நீங்க சீர் வெச்ச பீரோ வெறும் தகரம்னு உங்க சம்பந்தி கல்யாணத்துல சொல்லிக்கினு இருந்தாரே. உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இன்னா, காதுல வுழுந்தத சொன்னேன்.”

லாரிக்காரர் டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். கல்யாணத்தில் நான் அப்பாவின் பக்கத்திலேயேதான் இருந்தேன். என் காதில் அப்படி எதுவும் விழவில்லை. அப்பாவுக்கு எவ்வளவு கூர்மையான காது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வழியில் இதை அவரிடமே சொன்னேன். அவர் பன்னைச் சாப்பிடச் சொன்னார்.

வேங்கிக்காலில் அந்த வாரம் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் நான் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். சீர் பாத்திரத்தை எண்ணினார்களாம், யாரோ யாரையோ பிச்சைக்காரன் என்றார்களாம் என்று அரைகுறையாகத் தெரிந்தது. அம்மா அப்பாவுக்குச் சோறு போடும்போது தட்டைச் சற்றுச் சத்தமாக வைத்தாள். பௌர்ணமிக்கு முந்தின நாள் விடியற்காலை, கூப்பிடாமலே லாரி எங்கள் களத்தில் வந்து நின்றது. வாடகையும் பழைய வாடகைதான். மூட்டைகள் கமிட்டிக்குப் போயின. அப்பாவும் மூட்டைகளோடு போனார்.

சாயங்காலம் லாரி திரும்பி வந்தபோது காலியாக வரவில்லை. பின்னால் ஒரு பீரோவும் கட்டிலும் இருந்தன. பீரோ சாயாமல் அப்பா அதைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முன்னால், லாரிக்காரர் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் வண்டி பின்னாலேயே அவர்கள் வீடு வரை ஓடினேன்.

“பௌர்ணமி வரைக்கும் இருப்பியாக்கா?”

“இனிமே இங்கதான்டி” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நெல் நல்ல விலைக்குப் போயிருக்கிறது, அக்காவும் திரும்பி வந்துவிட்டாள். ஒரே நாளில் இரண்டு நல்லது. வீட்டுக்கு ஓடிவந்து, எனக்கு முன்பே வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் இதை மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடு என்று அதட்டினார். நல்ல சேதி கொண்டுவந்தவள்மேல் அவருக்கு அவ்வளவு கோபம் ஏன் என்று அன்று எனக்குப் புரியவேயில்லை.